தாரந்தோவில் மூன்று நாள் விரதம்

வியாழன், காலை 4.40. அன்புவழிபுரம், திருகோணமலை.

வான்காரத் தம்பி சொன்ன நேரத்துக்கு இருபது நிமிஷம் முந்தியே வந்து ஹோர்ன் அடித்துவிட்டார். கட்டுநாயக்கா விமான நிலையம் வரைக்கும் இருநூற்றைம்பது கிலோமீற்றருக்குக் கிட்ட வரும். வாடகை இருபத்தையாயிரம் ரூபாய். ஒரு கையில் பெட்டியும் மறு கையில் மிளகாய்த்தூள் பார்சலுமாக நான் வெளியே வர, படலையடியில் என் அண்ணன் நிற்கிறார். பாலையூற்றிலிருந்து அந்த விடியற்காலையில் சைக்கிள் உழக்கி வந்திருக்கிறார். வழியனுப்ப என்று நினைத்தீர்களோ? கட்டளை போட வந்தவர்.

"போய் வீட்டைப் பார், ஆக்களைப் பார், தொழிலைப் பார். மனசுக்குச் சரியெண்டால் அங்க கை நனை. சரியில்லையெண்டால் பச்சைத்தண்ணியும் குடியாமல் திரும்பி வா. நீ அங்க சாப்பிட்டனியெண்டால், நான் பேந்து ஒரு கதையும் கதைக்க மாட்டன்."

"அப்ப நீங்களே வந்து பாருங்கோவன், அண்ணை."

"அந்தத் திக்குக்கு நான் அடியெடுத்து வைக்க மாட்டன்" என்று சொல்லிவிட்டு, பெட்டியைத் தூக்கி வானுக்குள் வைத்தவரும் அவர்தான்.

விஷயம் இதுதான். அண்ணனுக்கு ஒரே மகள், துளசி. தாயில்லாப் பிள்ளை, பதினொரு வயசிலிருந்து தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியது மாமி நான். கலியாணம் காட்சி என்று எனக்கு ஒன்றும் அமையவில்லை, நான் தேடவும் இல்லை. நிலஅளவைக் கந்தோரில் படம் கீறியே முப்பது வருஷம் போய்விட்டது. துளசி இத்தாலியின் தெற்கே தாரந்தோ என்ற துறைமுக நகரத்துக்குக் கடல் உயிரினங்களைப் பற்றிப் படிக்கப் போனாள். படித்து முடித்து அங்கேயே வேலையும் எடுத்தாள், அங்கேயே ஒரு பெடியனையும் பார்த்துவிட்டாள். பியெத்ரோ என்று பெயர். சிப்பி வளர்க்கிற குடும்பம். வெள்ளைக்காரன், கிறிஸ்தவ வேதக்காரன், கடல் தொழில். இந்த மூன்றில் எது பெரிய குறை என்று அண்ணனுக்கே தெரியாது. துளசியோ, "அப்பா ஓம் சொல்லாமல் செய்யமாட்டன், வேற ஆரையும் செய்யவும் மாட்டன்" என்று ஒரே பிடி.

எங்கள் குடும்பத்தில் சம்பந்தம் பார்க்கப் போகிற வீட்டில், மனசு சரியென்று சொல்லும்வரை ஒருவரும் சாப்பிட மாட்டார்கள். தேத்தண்ணி நீட்டினால் "இப்பதான் குடிச்சிட்டு வந்தனாங்கள்" என்பார்கள். உட்கார்ந்து சாப்பிட்டாலோ அதுதான் சம்மதம், அதற்குமேல் பேச்சில்லை. ஆக, அந்தப் பிள்ளையின் கலியாணத்தை அண்ணன் என் வாயில் கொண்டுவந்து வைத்துவிட்டார். கந்தளாய் தாண்டும்வரை அவரை மனசுக்குள் திட்டிக்கொண்டே போனேன்.

வெள்ளி, பகல் 1.15. பாரியிலிருந்து ரயிலில்.

வளைகுடாவில் ஒரு விமானம் மாறி, ரோமில் இன்னொன்று மாறி, பாரியில் இறங்கினபோது என் கால் இரண்டும் எனக்குச் சொந்தமில்லை. துளசி ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். பிள்ளை மெலிந்திருந்தாள். "என்னடி இது கோலம்?" என்றால், "நல்லாத்தான் இருக்கிறன் மாமி" என்று பையை வாங்கிக்கொண்டு முன்னுக்கு நடக்கிறாள்.

பாரியிலிருந்து தாரந்தோ நூற்றுப் பதினைந்து கிலோமீற்றர். ரிக்கற் ஒன்பது யூரோ எண்பது, ஒன்றேகால் மணித்தியாலம். யன்னலோரக் கதிரை கிடைத்தது. சும்மா சொல்லக்கூடாது, முதல் அரைமணி நேரம் நான் யாழ்ப்பாணத்துக்குப் போகிறேனோ என்று நினைத்துவிட்டேன். அதே செம்மண், மண்ணுக்குக் கீழே அதே சுண்ணக்கல். மழை விழுந்தால் மேலே நிற்காமல் கீழே இறங்கிவிடுகிற நிலம். அதனால் ஆறு என்று சொல்ல ஒன்றுமில்லை. தோட்டங்களுக்கு வேலியாகச் சீமெந்து பூசாத கல் மதில். பனை நிற்கவேண்டிய இடத்தில் ஒலிவ் மரம் நிற்கிறது, அவ்வளவுதான். அடிமரம் முறுகித் திருகி, ஒவ்வொன்றும் ஒரு வயோதிபர் மாதிரி. பிறகு நிலம் படிபடியாகச் சரிந்து கடலுக்கு இறங்குகிறது. இடையில் பூமியைக் கத்தியால் கீறினது போலப் பள்ளத்தாக்குகள்; அவற்றின் சுவர்களில் பழைய குகைக் கோயில்கள் இருக்கின்றனவாம். மசாஃப்ரா என்ற ஊருக்குப் பிறகு தோடம்பழத் தோட்டம், திராட்சைப் பந்தல், திரும்பவும் தோடம்பழம்.

எதிரே இருந்த மனிதர், சீருடை போட்ட கடற்படைக்காரர், நான் எங்கிருந்து வருகிறேன் என்று துளசியிடம் விசாரித்தார். திருகோணமலை என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆழமான துறைமுகம்" என்றாராம். கடற்படைக்காரர் எல்லா நாட்டிலும் எங்கள் ஊரை அந்த இரண்டு சொல்லுக்குள் அடக்கிவிடுகிறார்கள்.

சனி, காலை 8.30. சின்னக் கடல்.

படம் கீறின கை சும்மா இருக்குமோ? துளசியின் அறை மேசையில் கிடந்த தாளில் தாரந்தோவை ஒருதரம் கீறிப் பார்த்தேன். வெளியே பெரிய கடல், உள்ளே சின்னக் கடல். இரண்டுக்கும் நடுவில் ஒரு குட்டித் தீவு, அதுதான் பழைய நகரம். தீவின் ஒரு பக்கம் கல்பாலம், மறு பக்கம் கப்பல் வந்தால் நடுவில் இரண்டாகப் பிரிந்து விலகுகிற இரும்புப் பாலம். பாலத்தடியில் ஒரு கோட்டை, அது கடற்படையின் கையில். எங்கள் ஊர்க் கோட்டைக்குள் ஆமி இருக்க மேலே கோயிலில் கோணேசர் இருக்கிறார். கோட்டை என்றால் எங்கேயும் சீருடைக்காரருக்குத்தான் யோகம். வடக்கே இரும்பாலையின் புகைபோக்கிகள் வரிசையாக நிற்கின்றன. பாதி ஊருக்கு அதுதான் சோறு, அதே பாதி ஊருக்கு அதன் தூசிதான் கவலை. அதைப் பற்றிக் கதை எடுத்தால் ஒரே மேசையில் இருக்கிற அண்ணன் தம்பியே சண்டை பிடிப்பார்கள் என்று துளசி எச்சரித்து வைத்திருந்தாள்.

பியெத்ரோ எங்களைப் படகில் ஏற்றினான். நெட்டையன், வெயிலில் கறுத்த முகம், என்னைக் கண்டதும் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான். அந்தத் தடுமாற்றம் எனக்குப் பிடித்துவிட்டது, ஆனால் முகத்தில் காட்டவில்லை. படகை ஓட்டியது தகப்பன் கோசிமோ. தண்ணீருக்கு மேலே மிதவைகள் வரிசை வரிசையாக இருக்க, ஒவ்வொன்றின் கீழும் கயிறு தொங்குகிறது, கயிற்றில் வலைக்குழாய், அதற்குள் கறுப்புச் சிப்பி. ஒரு கயிற்றை இழுத்துக் காட்டினார்கள். தூக்க இரண்டு பேர் வேண்டும். குஞ்சுச் சிப்பி விற்கிற அளவுக்கு வளர ஒரு வருஷத்துக்கு மேல் பிடிக்குமாம். அதற்குள் மூன்று நான்கு தரம் பிரித்து, கழுவி, புது வலையில் போடவேண்டும். கோடையில் தண்ணீர் சூடேறினால் அத்தனையும் செத்துப்போகும். அந்தச் சூட்டை அளந்து சொல்வதுதான் துளசியின் வேலை.

ஓரிடத்தில் கோசிமோ எஞ்சினை நிறுத்திக் கையைக் காட்டினார். கடலின் மேல் ஒரு வட்டம், அடியிலிருந்து கொதிக்கிறது போலக் குமிழியிட்டுக்கொண்டிருந்தது. மேட்டு நிலத்தில் விழுந்த மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, கீழால் வந்து, கடலின் அடியில் ஊற்றாகக் கிளம்புகிறது. நன்னீர், குளிர் நீர். அதனால்தான் இந்தச் சிப்பிக்கு இந்த ருசி என்றார். "எங்கட கன்னியாவில வெந்நீர் ஊத்து ஏழு கிணறு, தரையில" என்று நான் சொல்ல, துளசி மொழிபெயர்க்க, "கடலுக்குள்ள இல்லாட்டி அதால என்ன பிரயோசனம்?" என்று அந்த மனுஷன் உண்மையாகவே கேட்டார்.

பிறகு ஒரு சிப்பியைக் கத்தியால் பிளந்து, எலுமிச்சை பிழிந்து, பச்சையாக என் முகத்துக்கு நேரே நீட்டினார். "விரதம்" என்றேன். வாயில் முதலில் வந்தது அதுதான்.

அன்று பகல் அவர்கள் வீட்டிலும் அதே விரதந்தான். கார்மேலா, பியெத்ரோவின் தாய், என்னைவிட இரண்டு வயசு குறைவு, என்னைவிட இரண்டு மடங்கு சுறுசுறுப்பு. வாசலிலேயே என் கையைப் பிடித்து "குசீனா, குசீனா" என்று இழுத்துக்கொண்டு போனார். அட, எங்கட குசினிதான், சமையலறை! அதற்கு எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. மேசை நிறைய அவித்த சிப்பி, ரொட்டித்தூள் தூவிச் சுட்ட சிப்பி, சிப்பி போட்ட குட்டிக் குட்டிப் பஸ்தா. நான் கதிரையில் இருந்து தண்ணீர்க் கோப்பையைக்கூடத் தொடவில்லை. கார்மேலா கோபிக்கவில்லை, அவர்களுக்கும் பெரிய வெள்ளிக்கு முந்தி விரதம் உண்டு, வெறுங்காலோடு மணித்தியாலக் கணக்கில் ஊர்வலம் போகிறவர்கள். "எந்தச் சாமிக்கு?" என்று மட்டும் கேட்டார். கோணேசருக்கு என்றேன். எழும்பிப்போய் மாதா படத்துக்கு முன்னால் கோணேசருக்கும் சேர்த்து ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தார். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போகலாம் போல இருந்தது.

ஞாயிறு, பகல் 1.30.

தென் இத்தாலியில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு என்பது சும்மா சாப்பாடு இல்லை. ஒன்றரைக்கு இருந்தால் நான்கு மணிக்குத்தான் எழும்புவார்கள். கார்மேலா காலையில் ஏழு மணிக்கே சமைக்கத் தொடங்கினாராம். எனக்காக இறைச்சியில்லாமல், மீனில்லாமல், அவரைப் பருப்பும் கீரையும் வேறாகச் செய்திருந்தார். நான் திரும்பவும் கையெடுத்துக் கும்பிட்டு, "இண்டைக்கும் விரதம்" என்றேன். கார்மேலா அந்தச் சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு போனார். துளசியும் சாப்பிடவில்லை, வெறும் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

ஏன் சாப்பிடவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். ஆக்கள் பிழையில்லை, வீடு சுத்தம், தொழில் கடினம் என்றாலும் நேர்மையான தொழில். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பயம். நான் ஒரு வாய் வைத்தால் பிள்ளையை ஏழாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் கொடுத்தாயிற்று. நாளைக்கு ஒன்று நடந்தால் அண்ணன் என் முகத்தைப் பார்ப்பார், நான் எந்த முகத்தைப் பார்ப்பது? அந்தப் பயத்தை நான் விரதம் என்று பெயர் வைத்து நடத்திக்கொண்டிருந்தேன்.

திங்கள், காலை 10.45. இரும்புப் பாலத்தடி.

துளசி வேலைக்குப் போய்விட்டாள். தனியாக ஊர் பார்க்க இறங்கினேன். வீதியோரக் கடை ஒன்றில் எண்ணெய்க்குள் பொங்கிப் பொங்கி வருகிறது பான்சரோத்தோ. எங்கள் ரோல்ஸுக்கு அக்கா மாதிரி, உள்ளே தக்காளியும் சீஸும். இரண்டு யூரோ ஐம்பது. மணம் இழுத்தது, வாங்கிவிட்டேன். கடித்துக்கொண்டே பாலத்தடிக்கு வர, மணி அடித்துப் பாதையை மறித்துவிட்டார்கள். போர்க்கப்பல் ஒன்று சின்னக் கடலுக்குள் வருகிறது. பாலம் இரண்டாகப் பிரிந்து இரண்டு பக்கமும் மெதுவாக விலகியது. கப்பல் தட்டில் மாலுமிகள் வரிசையாக நிற்க, கரையில் நின்ற சனம் கைகாட்டியது. நானும் பான்சரோத்தோ பிடித்த கையை உயர்த்தி ஆட்டினேன். தக்காளி முழங்கை வரைக்கும் வழிந்தது.

யாரோ ஒரு கடதாசித் துவாயை நீட்டினார்கள். வாங்கிக்கொண்டு திரும்பினால், கார்மேலா.

கையில் மரக்கறிப் பை. என் வாயைப் பார்த்தார், கையைப் பார்த்தார், திரும்ப வாயைப் பார்த்தார். ஐயோ கடவுளே! ஓடலாம் என்றால் முன்னால் பாலம் இல்லை, கடல். பின்னால் சனம். எனக்கு இத்தாலி ஏலாது, அவருக்குத் தமிழ் ஏலாது. இருபது நிமிஷம், தோளோடு தோள் முட்ட, அந்தக் கப்பல் ஆமை வேகத்தில் போகிறதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மிச்சத்தை விழுங்கவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை. பாலம் மூடினதும் அவர் தலையை ஒருதரம் குனிந்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

பின்னேரம் துளசி வேலையால் வந்தபோது கண் இரண்டும் சிவந்திருந்தது. பியெத்ரோ போனில் அழைத்திருக்கிறான். கார்மேலா மேசை விரிப்பை எடுத்து மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டாராம். "வீதியில் தின்கிற பெண்ணுக்கு என் கையால் தின்ன அருவருப்பு. அருவருக்கிற வீட்டில் பெண் எடுக்கமாட்டேன்" என்றாராம்.

"மாமி, எனக்கு விரதக் கதை முதல் நாளே விளங்கிட்டுது" என்றாள் துளசி. "மூண்டு நாளா உங்கட கையைத்தான் பார்த்துக்கொண்டு இருக்கிறன். பிடிக்கேல்லையெண்டால் பிடிக்கேல்லையெண்டு சொல்லுங்கோவன். அவவை ஏன் நோகடிக்கிறியள்?"

ஒருத்தர் மனசும் நோகக்கூடாது என்று பார்த்துப் பார்த்து, எல்லாரையும் நோகடித்து வைத்திருந்தேன்.

செவ்வாய், பகல் 12.10.

துளசியையும் இழுத்துக்கொண்டு அழைக்காமலே போனேன். கதவைத் திறந்தது கோசிமோ. கார்மேலா குசினியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மேசை வெறும் பலகை.

"துளசி, ஒரு சொல்லும் விடாமல் சொல்லு" என்றுவிட்டுத் தொடங்கினேன். எங்கள் வழக்கத்தைச் சொன்னேன், படலையடியில் அண்ணன் சொன்னதைச் சொன்னேன். விரதம் பொய் என்றேன், மெழுகுதிரிக்கு மன்னிப்புக் கேட்டேன். "உங்கட கை பிடிக்காமல் இல்லை. சாப்பிட்டால் அது ஓம். ஓம் சொல்ல எனக்குப் பயம். அதுதான் உண்மை" என்றேன். துளசி சொல்லி முடித்தாள்.

கார்மேலா மெல்லத் திரும்பினார். பிறகு மிகவும் மரியாதையாக ஏதோ கேட்டார். துளசி முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"என்னடி கேக்கிறா?"

"அப்ப அந்தப் பான்சரோத்தோக் கடைக்காரருக்கு ஓம் சொல்லியாச்சோ எண்டு கேக்கிறா, மாமி. அவருக்கு எழுபது வயசாம். பெண்சாதி செத்து ரெண்டு வருஷமாம். நல்ல மனுஷனாம்."

முதலில் சிரித்தது கோசிமோ. பிறகு நான். அறுபத்தொரு வயசில் எனக்கு வந்த முதல் சம்பந்தம் அது! கார்மேலா சிரிப்பை அடக்கிக்கொண்டு கதிரையை இழுத்துப் போட்டார். சாப்பிட வேண்டாம், இருங்கள், எதற்குப் பயமோ அதைக் கேளுங்கள் என்றார்.

கேட்டேன். "பிள்ளைக்கு இங்க ஒரு வருத்தம் துன்பம் வந்தால் ஆர் பார்க்கிறது?"

துளசி அதை மொழிபெயர்க்கவில்லை. "சொல்லடி" என்றால் தலையைக் குனிகிறாள். கேள்வி அவள் முகத்திலிருந்தே கார்மேலாவுக்கு விளங்கியிருக்க வேண்டும். நெஞ்சில் கைவைத்து இருமிக் காட்டினார். பத்து விரலையும் விரித்து, பிறகு இன்னொரு விரல். குசினிக்குப் பக்கத்து அறைக் கதவைத் திறந்து கட்டிலைக் காட்டினார்.

கடைசியில் துளசி சொன்னாள். போன தை மாசம் நெஞ்சுச்சளிக் காய்ச்சல். ஆஸ்பத்திரியால் விட்டபிறகு பதினொரு நாள் இந்த அறையில் படுத்திருந்தாள். கார்மேலா பக்கத்தில் கதிரை போட்டு இருந்து, வெறுஞ்சோறு குழைய அவித்து, எலுமிச்சை விட்டு ஊட்டினாராம். வருத்தக்காரருக்கு அவர்களும் வெறுஞ்சோறுதான் கொடுக்கிறார்களாம்.

"ஏனடி எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்ல?" கத்தியேவிட்டேன்.

"சொன்னால் அப்பா அடுத்த பிளேனில திரும்பக் கூப்பிட்டிருப்பார், மாமி."

கூப்பிட்டிருப்பார்தான். எனக்குக் கோபம், அழுகை, எல்லாம் ஒன்றாக வந்தது. நான் பயந்து பயந்து கேட்ட கேள்விக்கு இந்த மனுஷி நான்கு மாசத்துக்கு முந்தியே பதில் செய்து முடித்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்காட்டாமல் இருந்திருக்கிறார்.

எழும்பிப்போய்க் குழாயில் கை கழுவிவிட்டு வந்து இருந்தேன். "போடச் சொல்லு" என்றேன்.

போட ஒன்றுமில்லை! கோபத்தில் அன்று அவர் சமைக்கவே இல்லை. முதல் நாள் மிஞ்சின பஸ்தாவைச் சட்டியில் சூடாக்கி, சிப்பித் தண்ணீர் கொஞ்சம் விட்டுக் கிண்டிக் கொடுத்தார். முள்ளுக்கரண்டியைத் தள்ளிவைத்துவிட்டுக் கையால் பிசைந்து சாப்பிட்டேன். உப்புக் கொஞ்சம் கூட. ஆனால் நான்கு நாளாக நெஞ்சில் கிடந்த பாரம் முதல் வாயோடு இறங்கினதை என்ன சொல்ல! துளசி என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். கார்மேலா அலுமாரியைத் திறந்து மேசை விரிப்பை எடுத்தார், நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கோப்பையைத் தூக்கி அதைக் கீழே விரித்தார். அங்கே பகல் ஒரு மணி, எங்கள் ஊரில் பின்னேரம் நாலரை. இடது கையால் அண்ணனுக்கு அழைத்தேன்.

"அண்ணை, கை நனைச்சிட்டன்."

கச்சான் காற்று போனுக்குள் ஊதுவது மட்டும் கேட்டது.

"எத்தினை தரம் போட்டுச் சாப்பிட்டனி?"

"ரெண்டு தரம்."

"ம்" என்றுவிட்டு வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு, மாலை 5.20. திருகோணமலை.

வான் நகரத்துக்குள் இறங்கும்போது வலதுகைப் பக்கம் உட்துறைமுகம் தெரிந்தது. இத்தனை வருஷம் அதைத் தாளில் கீறியிருக்கிறேன், ஆழம் எழுதியிருக்கிறேன்; பெருமைக்கு உரிய ஒன்று என்பதற்குமேல் ஒன்றும் தோன்றியதில்லை. தாரந்தோவைப் பார்த்த பிறகு, இவ்வளவு பெரிய உள்கடலில் ஏன் ஒரு கயிறுகூடத் தொங்கவில்லை என்று முதல்முறையாக யோசித்தேன். எங்கள் தண்ணீர் அழகு, அவர்களுடைய தண்ணீரில் உழைப்பு தெரிகிறது. அவர்களுக்குப் புகைபோக்கி, எங்களுக்குக் கோட்டையடியில் திரிகிற மான்கள். எது மேல் என்று என்னைக் கேட்காதீர்கள். இரண்டு இடத்திலும் இனி எனக்குச் சொந்தக்காரர் இருக்கிறார்கள்.

படலையடியில் அண்ணன் நின்றார். பெட்டியை இறக்கினார். கார்மேலா கொடுத்துவிட்ட ஒலிவ் எண்ணெய்ப் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, மாப்பிள்ளையைப் பற்றியும் கேட்கவில்லை. வான் போகும்வரை காத்திருந்துவிட்டு, பக்கத்தில் யாரும் நிற்கிறார்களோ என்று ஒருதரம் பார்த்தார்.

"பாஸ்போட்டுக்குப் படம் எடுக்கேக்க" என்றார், "நெத்தியில திருநீறு இருந்தால் விடுவாங்களோ?"